முப்பத்தெட்டு அடிக் கணக்கு

1964-ல் என் அக்காள் புருஷன் பஞ்சநாதன் சிதம்பரத்தில் பொறியியல் மாணவர்களுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தார். தண்ணீர், எண்ணெய், காற்று என்று ஓடுகிற எதுவும் அந்தப் பாடத்தில் வரும். வேலை தற்காலிகம். முந்தைய வருஷம் அவர் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் தேறவில்லை. இந்த வருஷமும் அப்படியே ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று துறைத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பாடப்புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் அவரிடமே விட்டார். ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமைக்குள் புத்தகத்தின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

புத்தகங்கள் இரண்டு. ஒன்று தடியானது, அமெரிக்கர்கள் எழுதியது, மலிவுப் பதிப்பில் வந்திருந்தது. மற்றது ஒல்லி, மதராஸில் அச்சானது. ஒரு சூத்திரம், கீழே இருபது கணக்கு, அடுத்த சூத்திரம் என்று போகும்.

இரண்டையும் மாமா எனக்கு அனுப்பிவைத்தார். அந்தத் தடிப் புத்தகத்தை வைத்தே அதே பாடத்தில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டவன் நான். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். மீட்டர் முள்ளையும் கிணற்று பம்ப்பையும் கவனிப்பது வேலை. பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். படிக்க நேரம் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பாசஞ்சரில் அவரே வந்தார். நான் ஷிப்ட் முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். ஒல்லிப் புத்தகத்தின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்.

"முடிவு பண்ணிட்டுதான் வந்திருக்கீங்க. அப்பறம் என்ன ஏன் கேக்குறீங்க?"

"பாஸ் பண்ணவன கேட்டா ரெண்டுமே நல்லாருக்குன்றான், மச்சான். பெயிலான ஆளு ஒருத்தன கேக்கணும். எனக்குத் தெரிஞ்சு பெயிலாயிட்டும் படிக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

அதில் கேலி இருந்தது. உண்மையும் இருந்ததால் நான் கோபப்படவில்லை.

"ஒல்லிய நாலு ராத்திரில முடிச்சிட்டேன் மாமா. கணக்கெல்லாம் விடை சரியா வருது. அப்ப இத குடுத்திருந்தா நானும் பாஸ் பண்ணியிருப்பேன்."

அவர் முகம் தெளிந்தது. பேனாவைத் திறந்தார்.

"இருங்க. பதினாலாவது கணக்கப் பாருங்க."

பார்த்தார். கிணற்றில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே முப்பத்தெட்டு அடி உயரத்தில் பம்ப் இருக்கிறது. அதை ஓட்ட எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்பது கணக்கு.

"இதுல என்ன? சுலபமான கணக்கு. புக்கு வெக்கலன்னாலும் இத மூணு வருஷமா போர்டுல போட்டுக்கினு இருக்கேன்."

ஆலையின் ஃபிட்டர் பக்கிரி பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. "பக்கிரியண்ண, மேல பம்ப்பு, முப்பத்தெட்டு அடிக்குக் கீழ தண்ணி. வருமா?" என்று கேட்டேன்.

"ஆனைய கட்டி இழுத்தாலும் வராது. எந்தப் புண்ணியவான் வெச்சது?"

"சாரு மூணு வருஷமா வெச்சிக்கினு இருக்காரு."

பக்கிரி மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மாமாவுக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலிருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது. வெளியே இருக்கும் காற்றுதான் கிணற்றுத் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தால் முப்பத்து நாலு அடிக்கு மேல் ஏற்ற முடியாது. நடைமுறையில் இருபத்தைந்தே பெரும்பாடு. இதையும் அவர் வகுப்பில் நடத்துகிறார், வேறொரு பாடத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஒல்லிப் புத்தகம் கேட்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பம்ப் தரையில் இல்லை, பன்னிரண்டு அடிப் பள்ளத்தில் இருந்தது. முதலில் தரையில்தான் வைத்தார்கள். வைத்தவர் பி.இ. படித்தவர். கோடையில் தண்ணீர் முப்பது அடிக்குக் கீழே போனது; பம்ப் வெறுமனே சுற்றியது. பள்ளம் தோண்டி இறக்குவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் ஐஸ் இல்லை. மீனைக் கரையில் கருவாட்டுக்குப் போட்டார்கள். மீன் பிடிக்கிற எங்கள் சனம் என்னை வழியில் நிறுத்தித் திட்டியது, நானும் இன்ஜினீயருக்குப் படித்தவன் என்பதற்காக.

மாமா பள்ளத்தின் விளிம்பில் குந்தி வெகுநேரம் கீழே பார்த்தார். பிறகு, "தடியன் இதப் பத்தி இன்னா சொல்றான்?" என்றார்.

"நாலு பக்கம் சொல்றான். ஒரு நம்பர் கெடையாது. பம்ப்ப எவ்ளோ ஒசரத்துல வெக்கலாம், ஏன்னு கேக்குறான். அன்னிக்கு எனக்கு ஒரு எழவும் புரியல. பள்ளம் தோண்டனப்பறம்தான் புரிஞ்சிது."

"ஒல்லிய வெச்சா பசங்க பாஸ் பண்ணுவானுங்க. எனக்கு வேல நிக்கும்."

"நிக்கும்."

"தடியன வெச்சா?"

"என்ன மாதிரி நாலஞ்சு பேரு ஐஸ் ஆலைக்கு வருவானுங்க. ஷிப்ட் காலியாதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து தேநீர்க் கடைக்கு நடந்தார். கடை மேசையில் படிவத்தை விரித்து, பென்சில் எழுத்தை அடித்துவிட்டு, தடிப் புத்தகத்தின் பெயரை மையால் எழுதினார். அக்காளிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறார் என்றுதான் எனக்கு யோசனையாக இருந்தது.

"இப்ப நீ ஒண்ணு செய். தடியன மறுபடி படி. எங்க நின்னு போறியோ அங்கல்லாம் கோடு போடு. நான் அந்த எடத்த முன்னாடியே தமிழ்ல சொல்லிட்டு, அப்பறம் இங்கிலீஷுக்குப் போறேன்."

"எவ்ளோ கோடு வரும் தெரியுமா?"

"வரட்டும். ஒனக்கு வேற இன்னா ஜோலி?"

முதல் அதிகாரத்தில் மட்டும் அறுபத்தொரு கோடு. பாதி பாடம் புரியாமல் போட்டது இல்லை, ஆங்கில வாக்கியம் புரியாமல் போட்டது. ஒன்று தொடங்கி அரைப் பக்கம் கழித்து முடியும். மூன்று வாரத்தில் முடித்து, சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். மாமா ஒவ்வொரு கோட்டுக்கும் தமிழில் ஒரு தாள் எழுதி, வகுப்புக்கு முந்தின நாளே படித்துவிட்டுப் போனாராம்.

அடுத்த ஏப்ரல் பரீட்சையில் இருபத்தாறு பேர் தேறவில்லை. ஐந்து பேர் குறைவு. துறைத் தலைவர் ஒரு வருஷம் நீட்டித்தார். நிரந்தரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மாமா தேறாத பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பக்கத்தில் நின்றுபோனாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். இருபத்தாறில் பதினேழு பேர் ஒரே இடத்தைக் காட்டியிருந்தார்கள். பம்ப்பை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று கேட்கும் அந்த நாலு பக்கம்.

அவர் கொண்டுவந்த, நான் கோடு போட்ட புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அங்கே நான் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.