மூன்றாம் மாடியை வழிமொழிபவர்

தென்றல் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியை நீக்கிவிட்டார்கள் என்பது செண்பகவல்லிக்குப் படியேறும்போதுதான் தெரிந்தது. இரண்டாம் மாடி முடிந்ததும் நான்காம் மாடி வந்துவிட்டது. கையில் கீரைக்கட்டோடு இரண்டு முறை இறங்கி ஏறிப் பார்த்தாள். குறை சொல்வதற்கில்லை, படிகளை நன்றாகவே பெருக்கியிருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் அவள் வீடு ஒன்றுதான் இருந்தது. உள்ளே கணவர் முருகவேல் இருந்தார். போன் செய்தாள்.

"குக்கர் ரெண்டு விசில் விட்டுருச்சு. அணைக்கவா?"

"அணைங்க. கதவத் தொறந்து படி இருக்கான்னு பாருங்க."

"கதவு இருக்கு. அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமில்ல."

கீழே கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. போன மாதக் கூட்டம்தான், இன்னும் முடியவில்லை. செயலாளர் லூர்துமேரி மினிட்ஸ் நோட்டைப் புரட்டினார்.

"தீர்மானம் ஏழு. மூணாம் மாடிய நீக்குறது. கதிரேசன் சார் முன்மொழிஞ்சாரு, நிறைவேறிருச்சு. நீங்க அன்னைக்கு வரல."

"தங்கச்சி வளைகாப்புக்குப் போயிருந்தேன்."

"லீவு எழுதித் தரலயே."

கதிரேசன் நான்காம் மாடிக்காரர், முழங்கால் வலிக்காரர். ஏறுவதில் ஒரு மாடி குறைந்தால் தேவலை என்று எல்லோருக்கும்தான் தோன்றும். அவர் அதை எழுதிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

செண்பகவல்லி எழுந்து நின்றாள். "மூணாம் மாடிய திரும்ப வைக்கணும்னு முன்மொழியிறேன்."

"யாராச்சும் வழிமொழிஞ்சாத்தான் பேச்சுக்கே எடுக்க முடியும்," என்றார் தலைவர் சாலமன். "மூணு தடவ கேப்பேன். வழிமொழியிறவங்க யாரு?"

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். அவள் வீட்டில் காபி குடிக்காதவர் அதில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் மாடி பிரமிளா அவள் முந்தானையைத் தொட்டாள்.

"நாங்க ஒங்க பக்கந்தேன் அக்கா. ஓட்டுன்னா கை தூக்கிருவோம். வழிமொழிஞ்சா பேர எழுதிருவாங்கள்ல."

"நானே வழிமொழியிறேன்," என்றாள் செண்பகவல்லி.

"முன்மொழிஞ்சவங்க வழிமொழியக் கூடாது," என்றார் சாலமன். "ரெண்டாவது தடவ. யாரு?"

போன் அடித்தது.

"பால்கனி போயிருச்சு," என்றார் முருகவேல். "அடுப்படியும் போகப் பாக்குது. குக்கரக் கையில எடுத்துக்கிட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர், குக்கரோடு எங்கே நிற்பார்?

"மூணாவது தடவ," என்றார் சாலமன்.

ஒரு கை உயர்ந்தது. கதிரேசனின் கை.

"நீங்க எதிராச்சே," என்றார் லூர்துமேரி.

"எதிர்தான். வழிமொழிஞ்சா ஆதரிக்கிறேன்னு அர்த்தமா? எதிர்க்கணும்னாலும் அது பேச்சுக்கு வரணும்ல. யாரும் வாயத் தொறக்காம ஒரு வீடு போறது சரியில்ல. எழுதிக்கோங்க."

லூர்துமேரி எழுதிக்கொண்டார்.

"விவாதம் முடியிற வரைக்கும் மாடி இருக்கட்டும்," என்றார் சாலமன். மேலே ஒரு கதவு திறந்தது. முருகவேல் குக்கரோடு படியிறங்கி வந்தார். செண்பகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கதிரேசன் எதிர்த்துப் பேச ஆரம்பித்தார். முழங்காலைப் பற்றிச் சொன்னார், படிகளின் உயரத்தைச் சொன்னார். பத்துக் காரணங்கள் ஆனதும் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். எல்லோருடைய கைகளும் மடியில் கிடந்தன. ஓட்டெடுத்தால் அவை எழும் என்று தோன்றவில்லை. பிரமிளா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சுக்கிறீங்களா சார்?" என்றார் சாலமன். "ஓட்டுக்கு விட்டுரலாம்."

கதிரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் இருக்கு."

அதன் பிறகு மழைக்காலம் வந்து போனது. செண்பகவல்லியும் முருகவேலும் மூன்றாம் மாடியில் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். தினமும் பத்து மணிக்கு அவள் மோர் எடுத்துக்கொண்டு கீழே வருகிறாள். பேசுபவர் நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்பது விதி.

"முழங்கால் வலிக்குதா சார்?" என்று கேட்டாள்.

"ரொம்ப வலிக்குது," என்றார் கதிரேசன். மோரைக் குடித்துவிட்டு, மூன்றாம் மாடி ஏன் கூடாது என்பதற்கான நானூற்றுப் பதினோராவது காரணத்துக்குப் போனார்.