கண்ணாடியில் சிவப்பு பைக்

போர்ட் பிளேரின் டெலனிப்பூர் ஏற்றத்தில் ஸ்கூட்டி திணறியபோதுதான் நளினி பக்கக் கண்ணாடியில் அந்தச் சிவப்பு பைக்கைக் கவனித்தாள். காலையில் ஹேடோவில் பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பியபோதும் அது டீக்கடை ஓரம் நின்றிருந்தது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட் கண்ணாடியை ஒரு கையால் தூக்கி முகத்தைத் துடைத்தான். பாலகுமார். அவள் புருஷன் சுதாகரிடம் வேலை பார்க்கிறவன்.

அவள் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள்.

வடக்கு அந்தமானில், திக்லிபூரில் சுதாகர் ரோடு கான்ட்ராக்டர். கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிப்பான். கடைசி முறை அவள் மணிக்கட்டு முறிந்தது. கட்டு பிரித்த அன்றே யாரிடமும் சொல்லாமல் கப்பல் ஏறி போர்ட் பிளேருக்கு வந்துவிட்டாள். டெய்ரி ஃபார்ம் பகுதியில் பள்ளித்தோழி உமா மகேஸ்வரி தன் வீட்டில் ஒரு அறை கொடுத்தாள். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அதில்தான் நகரத்தின் சந்துபொந்தெல்லாம் பழகினாள்.

பாலகுமார் கிட்டே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. வீடு எங்கே என்று பார்க்கத்தான் வருகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. டெய்ரி ஃபார்ம் பக்கம் மட்டும் போகக்கூடாது. உமா தனியாக இருப்பாள்.

அபர்டீன் பஜாருக்குள் நுழைந்தாள். மணிக்கூண்டைச் சுற்றி மெயின்லேண்டிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம். துணிக்கடைகளுக்கு நடுவே புகுந்து, மசூதித் திருப்பத்தில் சட்டென்று வண்டியைச் சரிவில் இறக்கினாள். கண்ணாடியில் யாருமில்லை. மூச்சு விட்டாள். பீனிக்ஸ் பே வந்து, கப்பல் பட்டறைச் சத்தத்தைத் தாண்டியதும் பார்த்தால், மறுபடி அதே சிவப்பு. ஷாதிபூரின் தகரக்கூரை வீடுகளுக்கு இடையே, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சந்தில் விட்டாள். அங்கேயும் வந்தான். பெட்ரோல் முள் வேறு சிவப்புக்கோட்டில் படுத்திருந்தது.

பையில் மிச்சமிருந்தது ஜங்லிகாட் பார்சல். மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சின்னம்மாவுக்கு. முன்பும் இரண்டு தடவை கொடுத்திருக்கிறாள். சின்னம்மா தெலுங்குக்காரி, இருவரும் பேசிக்கொள்வது ஹிந்தியில்தான். நளினி வண்டியை மீன்கூடைகளுக்கு நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

“என்ன ஆச்சு மகளே? முகம் வெளுத்திருக்கு?”

“பின்னாடி வர்றவன்… என் புருஷன் அனுப்பினவன்.”

சின்னம்மா மீன் வெட்டிய கையோடு எழுந்தாள். பக்கத்துக் கடைப் பெண்களும் எழுந்தார்கள். பாலகுமார் வண்டியைத் திருப்புவதற்குள் ஒருத்தி சாவியைப் பிடுங்கிவிட்டாள்.

“நான் ஒண்ணும் பண்ணல அண்ணி!” என்று அவன் தமிழில் கத்தினான். “முந்தாநாள் வேலையா வந்தப்ப பஜார்ல உங்களப் பாத்தேன். வீட்டக் கண்டுபிடின்னாரு அண்ணன். காலை பஸ்ல ஏறிட்டாரு. சாயங்காலம் வந்துடுவாரு.”

அதைச் சின்னம்மாவிடம் ஹிந்தியில் சொல்லும்போதே நளினி யோசித்தாள். இன்றைக்கே அடுத்த கப்பல் ஏறிவிடலாமா? ஏறி எங்கே போவது?

“ஸ்டேஷனுக்குப் போகலாம்,” என்றாள் சின்னம்மா.

“அவர் பேசினா எல்லாரும் நம்பிடுவாங்க.”

“பேசட்டும். நான் கூட இருக்கேன்.”

பாலகுமாரை ஸ்டேஷனிலேயே உட்காரவைத்தார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண் போலீஸ்காரர்களோடும் சின்னம்மாவோடும் அவள் நின்றாள். திக்லிபூர் பஸ் வந்து நின்றது. சுதாகர் இறங்கினான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“நளி, வாம்மா. வீட்டுக்குப் போகலாம்.”

அந்தக் குழைந்த குரலுக்குத்தான் அவள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தாள். அதைக் கேட்டதும் அவள் கால் தானாகவே ஓரடி முன்னால் போனது. சின்னம்மா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“வரமாட்டேன்.”

“சத்தமா சொல்லுங்க,” என்றாள் போலீஸ்காரி.

“நான் வரமாட்டேன்!”

சுதாகரின் சிரிப்பு போய்விட்டது. பாய்ந்து வந்து அவள் தலைமுடியைப் பற்றினான், அத்தனை பேர் பார்க்க. அடுத்த நொடி போலீஸ்காரிகள் அவன் கையை முறுக்கி ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் அவளுடைய புகாரை எழுதிக்கொண்டார்கள். காலையில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள், அவன் அவள் பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு கேட்கலாம் என்றார்கள். நளினி தலையாட்டினாள்.

“இப்ப இருக்கற விலாசம்?”

பக்கத்து அறையில் சுதாகர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. நளினி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மேஜைக்கு மேல் குனிந்து, போலீஸ்காரியின் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

அவளும் அதை வாய்விட்டுப் படிக்காமல் எழுதிக்கொண்டாள்.