பதினேழாம் பக்கம்

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் பாக்கி, தம்பியின் வழக்குக் கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, இரும்பு அலமாரியின் உச்சித் தட்டிலிருந்து அது என்னையே பார்க்கிறது, நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்து அதை முறைக்கிறேன், எழுத்து தெரிவதற்கு முன்பே எண் எனக்குத் தெரியும், மூட்டை எண்ணிப் பிழைத்தவனுக்கு எண் தெரியாமல் எப்படி, அந்தச் சிவப்பு எத்தனை சிமெண்டு மூட்டை என்று முதுகு தானாகக் கணக்குப் போடுகிறது, போட்டு முடித்து வலிக்கிறது. பாக்கியக் கட்டினாத்தான் கட்டு கீழ எறங்கும், யோவ், உனக்கு எத்தினி வாட்டி சொல்றது, என்கிறார் குமாஸ்தா முனிரத்தினம், வேறு வக்கீலிடம் போகிறோம், காகிதங்களைக் கொடுங்கள் என்று நான் வாய்விட்ட நாளிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது, எனக்கு மட்டும் ஆகுமா. உள்ளறையில் வக்கீலம்மா சியாமளா, பட்டாளத்துச் சட்டப் பிரிவில் மேஜராக இருந்து வெளியே வந்தவர், தண்டனை வாங்கிய சிப்பாய்களெல்லாம் அவர் வாசலில்தான் நிற்பார்கள், அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார், தேதி வாங்கியிருக்கேன், போங்க, அவ்வளவுதான், இரண்டு வருடமாக அந்த மூன்று சொல்லுக்கு நாங்கள் ரயிலேறி வருகிறோம், தம்பி ஒரு பெட்டியில், நான் வேறொரு பெட்டியில்.

ஒரே பெட்டியில் வரமாட்டான், என் தம்பி கோதண்டம், சிப்பாய் கோதண்டம், பதினான்கு வருடம் எட்டு மாதம் சேவை, இன்னும் நாலே மாதம் இருந்திருந்தால் பதினைந்து, சாகும்வரை பென்ஷன், அந்த நாலு மாதத்தைத் தின்றவன் நான். எங்கள் ஊர் கூட்ஸ் ஷெட்டில் அடுக்கிவைத்த அட்டி சரிந்து பதினோரு மூட்டை என்மேல் விழுந்தது, முப்பது நாள் லீவில் வந்தவன் என்னைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் போட்டான், கழுவிவிட்டான், புரட்டிவிட்டான், அண்ணே, பல்லைக் கடிச்சுக்க, என்று சொல்லிக்கொண்டே புரட்டுவான், லீவு முடிந்தது, அவன் போகவில்லை, எனக்கு யாருமில்லை என்பது அவனுக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் போட்ட பிறகுதான் அது வந்தது, பழுப்பு நிறக் கவர், தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான், தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்து அட்டையில் அழுத்தினார், எனக்கு அது என்னவென்று தெரியாது, பழுப்புக் கவர் வந்தால் அது பேங்க் கடன் நோட்டீஸ், எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான், அவனே என் ஆஸ்பத்திரிக்குச் செலவழித்து நொந்திருக்கிறான், இதையும் பார்த்து ஏன் கலங்கணும் என்று பாய்க்கடியில் சொருகினேன், பத்து நாள் கழித்து இன்னொன்று, அதையும் சொருகினேன், பாயில் படுத்து அவன் வேலையின் மேலேயே புரண்டுகொண்டிருந்திருக்கிறேன். உடனே திரும்பி வா, வராவிட்டால் நடவடிக்கை, பட்டாளத்திலிருந்து வந்த அதில் இருந்தது அதுதான், லீவு முடிந்து நாற்பத்தொரு நாள் கழித்து அவனாகத்தான் போனான், போன அன்றே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

நான் பார்க்காததை நான் பார்க்கிறேன், தூக்கத்திலும் பெஞ்சிலும், தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி அவனைக் கூட்டிப்போகிறார்கள், அந்த வருடம்தான் டாக்டர் எனக்கு இடுப்பில் பெல்ட் மாட்டிவிட்டார், அவனிடமிருந்து கழற்றியதை எனக்கு மாட்டியதுபோல இருந்தது. கமாண்டிங் ஆபீசரே அங்கே நீதிபதி, துணைக்கு இவனுக்கு ஒரு நண்பரைக் கொடுக்கிறார்கள், சட்டத்திலேயே அதற்கு நண்பர் என்றுதான் பெயராம், வடக்கத்தி சுபேதார், இவன் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் முகம் இவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும், ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும், என்று அவர் இந்தியில் சொன்னதோடு நட்பு முடிந்தது, நாற்பது நிமிடத்தில் பதினான்கு வருடமும் முடிந்தது. கடிதம் வரவில்லை என்று தம்பி சொன்னானாம், அவர்கள் தபால் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்கள், அதில் என் கட்டைவிரல். ஊருக்கு வந்ததும் நேராகப் பாயைத் தூக்கினான், இரண்டு கவரையும் எடுத்தான், என்னை அடிக்கவில்லை, அடித்திருக்கலாம், அன்றோடு அண்ணே என்ற சொல் நின்றுபோனது.

நாற்பத்தேழு வயதில் மூட்டை தூக்குபவர்கள் சங்க ஆபீசில் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன், படித்துப் பெரியவனாக அல்ல, இனி ஒரு கவர் என்னை ஏமாற்றக் கூடாது என்று, அ எழுதவே எனக்கு ஒரு மாதம், மூட்டைக் கொக்கி பிடித்தே விரல் வளைந்திருந்தது, சாக்பீஸ் பிடித்தால் உடைந்தது, டீச்சரம்மா சிரித்தாள், அவள் மேலும் எனக்குக் கோபம்தான்.

வக்கீல் ஆபீஸ் இடம் மாறுகிறது, இரண்டு தெரு தள்ளி, அலமாரி காலியாக வேண்டும், சும்மாத்தானே குந்திக்கினுகீற, தூக்கு, ஒன் தொழிலுதானே, என்கிறார் முனிரத்தினம், நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தூக்குகிறேன், நாலு மாடி, எவனெவனோ சிப்பாயின் வேலையும் மானமும் என் தோளில் இறங்குகிறது, ஒன்பதாம் நடையில் தம்பியின் கட்டு வந்தது, சிவப்பு எண் என் காதை உரசியது, இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன். எல்லாம் இங்கிலீஷ், மேலே டைப் அடித்த நகல், அடியில் விசாரணையில் எழுதிய அசலின் ஜெராக்ஸ், எழுபத்திரண்டு பக்கம், எனக்கு அதில் எறும்பு ஊர்ந்தது, பிறகு ஒரு இடத்தில் என் கட்டைவிரல் தெரிந்தது, கறுப்பாக, பிடிபட்ட திருடன் மாதிரி, அதற்கடுத்த பக்கத்தின் அடியில் தமிழில் கோதண்டம், என் தம்பி எங்கேயும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவான், கடைசிப் புள்ளியைத் தாள் கிழிகிற மாதிரி குத்துவான், அந்த எறும்புக் கூட்டத்தில் நான் படிக்க முடிந்த ஒரே சொல் அது. முதலிலிருந்து புரட்டினேன், பக்கத்துக்குப் பக்கம் அடியில் இருந்தான், பத்தில் இருந்தான், பதினாறில் இருந்தான், பதினேழில் இல்லை, பதினெட்டில் மறுபடி இருந்தான், எச்சில் தொட்டுத் திருப்பிப் பார்த்தேன், மூட்டை குறைந்தால் லாரியை விடமாட்டோம், கடைசிவரை எண்ணினேன், எழுபத்தொன்று.

யோவ், கட்டை அவுத்துட்டியா, பாக்கி வெச்சிக்கினு திருட்டுத்தனம் வேறயா, முனிரத்தினம் மேல்படியிலிருந்து கத்துகிறார், நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன், தள்ளினேன்தான், அவர் சுவரில் மோதினார், அம்மா, இந்தப் பக்கத்துல மட்டும் என் தம்பி இல்லியே, என்றேன். எந்தப் பக்கம், என்று கேட்டுவிட்டு முதல்முறையாக நிமிர்ந்தார், டைப் நகலை எடுத்தார், இதோ போட்டிருக்கே, ஒப்பம்னு, என்றார், அது ஒங்க டைப்பிஸ்டு போட்டதும்மா, எல்லாத்துலயும் போட்டுட்டாரு, என் தம்பி போட்டது இதுல கீது, இல்லாதது இதுல தெரியுது, என்று ஜெராக்ஸை நீட்டினேன். வாங்கினார், உட்கார்ந்தார், அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். குற்றத்த ஒத்துக்கறேன்னு அவர் சொன்னதா எழுதின பக்கம் இது, என்றார், கையெழுத்து இல்லன்னா அவர் ஒத்துக்கவே இல்லைன்னுதான் அர்த்தம், நகலத்தான் நான் படிச்சேன், ரெண்டு வருஷமா, என்றார், கடைசி இரண்டு சொல் எனக்குச் சொன்னதல்ல. நான் இரக்கப்படவில்லை, இந்த ரெண்டு வருசத்துக்கும் சேத்துத்தானே அந்தச் செவப்பு மை, என்று கேட்டேன்.

வக்கீலம்மா தம்பியை வரவழைத்துக் கேட்டார், அங்கே குற்றப் பத்திரிகை வாசிச்சாங்க, நான் இல்லைன்னேன், அப்புறம் விரல் காட்டின எடத்துல எல்லாம் போட்டேன், கிளார்க்கு ரெண்டு தாள ஒண்ணா பொரட்டியிருப்பான், என்று தம்பி வக்கீலிடம் சொன்னான், என்னைப் பார்க்காமல். தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இது சின்னப் பிழை என்றார், சியாமளா அம்மா அன்றைக்கு யார் மாதிரியோ பேசினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, தம்பியின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இறங்கியபோது தெரிந்துகொண்டேன், தண்டனை ரத்து, அந்த நாலு மாதமும் சேவையில் சேரும், பென்ஷன் உண்டு.

இன்றைக்குப் புது ஆபீஸ், அதே அலமாரி, உச்சியில் அதே சிவப்பு, நான் உரச் சாக்கில் தைத்த பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைக்கிறேன், எட்டு மாத மூட்டை, முழுசாக இருக்கிறது, தம்பி அதை ஒரு விரலால் தள்ளுகிறான், இவன் காசு வேணாம், பென்ஷன் அரியர்ஸ் வந்ததும் நான் கட்டறேன், என்கிறான். யாரும் கட்ட வேணாம், அந்தப் பக்கத்த நான் பாத்திருக்கணும், இவர் பாத்தார், என்று வக்கீலம்மா கட்டைக் கீழே எடுத்துவரச் சொல்கிறார், தம்பிக்கு முகம் சிவக்கிறது, இவன் கண்டுபிடிச்சான்னு கழிக்காதீங்க மேடம், தொலைச்சவன்தான் எடுத்துக் குடுத்திருக்கான், அதுக்கு ஒரு பரிசா, என்கிறான். ஆமா, தொலைச்சவன்தான், என்கிறேன் நான், நாலு வருடத்தில் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். வக்கீலம்மா எங்கள் இருவரையும் கேட்காமல் சிவப்பு எண்ணின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார். கட்டு வாங்கிக்கினதுக்கு இந்த மேலட்டையிலயே, நம்பருக்குக் கீழ ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, என்று முனிரத்தினம் பேனாவைத் தம்பியிடம் தந்தார், அவன் போட்டான், புள்ளியைக் குத்தினான், அடுத்து மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார், பழக்கம், நான் அதை மூடினேன், பேனாவை எடுத்தேன், ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன், எவ்வளவு நேரமானதோ, எல்லாரும் நின்றார்கள், தம்பியும் நின்றான், முடியும்வரை பார்த்தான், முடிந்ததும் படியிறங்கிப் போய்விட்டான்.

கட்டு என் தோளில், இறங்குகிறேன், தெருவில் அவன் முன்னே போகிறான், இருபதடி, முப்பதடி, நான் கூப்பிடவில்லை, ஸ்டேஷனில் அவனுக்கு ஒரு பெட்டி எனக்கு ஒரு பெட்டி, மேலட்டை காதை உரசுகிறது, அடித்துப் போட்ட முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது, அதன் கீழே கோதண்டம், அதன் கீழே கோணலாக நான்.