பேராசைக்கு ஓர் எடுத்துக்காட்டு

மத்தியானமானால் போதும், தம்பி மனைவி தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கூடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் அகராதிக்காரிக்குச் சுருக்கென்று தைக்கும். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றைத் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பல வருஷமாக வேலை. வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும், வேலையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். வேலை போன தம்பியும் மனைவியோடு வந்து சேர்ந்தான். வீடோ இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. சந்தேகப்பட இதைவிட வேறென்ன வேண்டும்?

கஞ்சி கொடுக்க எதற்குத் தாழ்ப்பாள்? மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? ஒருநாள் கதவில் காதை வைத்துக்கூடக் கேட்டுவிட்டாள், படித்த பெண் செய்கிற காரியமா அது! உள்ளே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மகளிடம் 'ம்', 'சரி' தவிர வாய் திறக்காத மனுஷன், நேற்று வந்தவளிடம் குலுங்கிச் சிரிக்கிறார். அன்று சாயந்திரம் முகம் துடைத்துவிடுகிற சாக்கில் போர்வைக்குள்ளிருந்து அவர் கையை இழுத்து, கட்டைவிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கைநாட்டு வைத்த மை இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள், கைகாரி. ஆனால் அவர் கை நடுங்கியது. ஏதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அதுதான் மகளைக் கண்டதும் நடுங்குகிறார் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

தம்பியிடம் சொன்னபோது, "அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா என்னைக் கட்டியிருப்பாளாக்கா?" என்றான். பொண்டாட்டிதாசனிடம் போய்ச் சொன்னோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீடு போனால்கூடப் போகட்டும். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. அது தனக்கு வரவேண்டிய சிரிப்பு என்று பட்டது.

அச்சுத்தாள் திருத்துவது ஒருவரால் ஆகிற வேலையில்லை. ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சான தாளில் பேனாவோடு பின்தொடர வேண்டும். கூட வேலை செய்பவள் விடுப்பில் போய்விட, தாள்கள் குவிந்துகிடந்தன. வேறு வழியில்லாமல் தம்பி மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஆச்சரியம், அவள் ஒரு முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் படித்தாள்.

"கிரீட், பெயர்ச்சொல், பேராசை, முற்றுப்புள்ளி. 'கிரீடி' என்ற பழைய உரிச்சொல்லிலிருந்து வெட்டி எடுத்தது, முற்றுப்புள்ளி. அந்தப் பழைய சொல்லின் வேர், பசி, முற்றுப்புள்ளி." நிமிர்ந்தாள். "அப்படின்னா பேராசை பிடிச்சவன்னு ஆளைத்தான் முதல்ல சொன்னாங்களா? பேராசைங்கிறதுக்குப் பேரே அப்புறம்தான் வந்துச்சாக்கா?"

"ஆமா. பல நூறு வருஷம் கழிச்சு. மேல படி."

"நல்ல கூத்து! ஆளைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அப்புறமா குத்தத்தைத் தேடியிருக்காங்க" என்று சிரித்தபடியே அடுத்த வரிக்குப் போனாள்.

எடுத்துக்காட்டு அகப்படாதபோது கண்ணெதிரே இருக்கிறவரைப் பிடித்து வாக்கியத்தில் போட்டுவிடுவது அகராதிக்காரர்களின் பழக்கம். மேலாளரின் தலை 'வழுக்கை'க்குப் போயிருக்கிறது. எழுதிய கையோடு மறந்தும்விடுவார்கள். இவளும் மறந்துதான் போயிருந்தாள். அச்சுத்தாளில் 'பேராசை'க்குத் தான் எழுதிய வரியைக் கண் தொட்டதும் சட்டென்று பேனாவை மூடினாள்.

"போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தம்பி மனைவி நிறுத்தவில்லை. "படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு... கதை பேசும் மருமகளின்... கண்ணில் பேராசை தெரிந்தது. முற்றுப்புள்ளி." தாளை மேசைமேல் வைத்தாள். "சரியா வந்திருக்காக்கா?"

அகராதிக்காரிக்கு வெட்கமாக இருந்தது. மாட்டிக்கொண்டோமே என்று கோபமும் வந்தது. அதற்குள் தம்பி மனைவி சமையலறைக்குப் போய்க் கஞ்சித் தட்டோடு திரும்பி வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமாவுக்குக் கை நடுங்குதுக்கா. ஸ்பூன் வாய்க்குப் போறதுக்குள்ள பாதி மேல கொட்டிடுது. நான்தான் ஊட்டறேன். வெட்கப்படறாரேன்னு ஏதாவது கோணங்கித்தனம் பண்ணிச் சிரிக்க வைப்பேன். எம் பொண்ணு பாத்துடக் கூடாது, தாழ்ப்பாளைப் போடும்மான்னு அவர்தான் சொன்னார்." தட்டை நீட்டினாள். "இன்னைக்கு நீங்களே குடுங்க. இனிமே அந்த ரூமுக்குள்ள போக எனக்குக் கால் வராது."

நல்லாத்தான் கதை கட்டுகிறாள் என்று அப்போதும் மனசின் ஒரு மூலை முணுமுணுத்தது. இருந்தாலும் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

காலடிச் சத்தம் கேட்டதுமே அப்பா வாயை ஆவென்று திறந்துகொண்டு திரும்பினார். வந்திருப்பது மகள் என்று தெரிந்ததும் வாய் மூடிக்கொண்டது. இரண்டு கையும் அவசரமாகப் போர்வைக்குள் போயின.

"அவ எங்கம்மா?"

"வேலையா இருக்காப்பா. நான் ஊட்டிவிடறேன்." ஸ்பூனை அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

"பசிக்கலைம்மா, அப்படி வச்சுட்டுப் போ" என்றார். கண் மட்டும் தட்டைவிட்டு நகரவில்லை.