இடது சுண்டுவிரல்

பேபி குறட்டை விடுகிற வீடியோ ஒன்று அவள் புருஷன் வேம்புலியின் செல்போனில் இருந்தது. சாயங்காலம் திருவேற்காட்டில் அவளுடைய அண்ணன் கஜபதி மகளுக்குக் காதுகுத்து. அங்கே அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் படுத்தான். அதற்குள் அதை அழித்தாக வேண்டும்.

அம்பத்தூர் லேத் பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்து வேப்பம்பட்டுக்கு வந்து சேர்ந்தவன். இரும்பில் தேய்ந்து கட்டைவிரலில் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மெஷின்கூட அவனை ஏற்காது. போனுக்கு அவன் பதிந்துவைத்திருந்தது இடது சுண்டுவிரலை. அந்தக் கை இப்போது இடுப்புக்கு அடியில் கிடந்தது.

பேபி அவசரப்படவில்லை. தூக்கத்தைப் பற்றி ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்தாள். முதல் சில நிமிடம் அரைத்தூக்கம். படி தவறியதுபோல் கால் ஒருமுறை உதறும். உதறியது. அடுத்து நாடி தணியும், உடம்புச் சூடு இறங்கும். அதற்கும் கீழே ஆழ்ந்த தூக்கம். மெஷினை நிறுத்திவிட்டுத் துடைத்து எண்ணெய் விடுவதுபோல, உடம்பு தன் பழுதுகளைப் பார்ப்பதும் மூளை கசடைக் கழுவுவதும் அங்கேதான். காதருகே தகரம் தட்டினாலும் எழமாட்டான். ஆனால் புரளவும் மாட்டான், அதுதான் சிக்கல். ஒன்றரை மணி நேரம் போல ஆனதும் தூக்கம் மேலே வரும், ஒரு புரளல், பிறகு கனவு. இமைக்குள் விழி ஓடும். கை கால் மட்டும் கட்டிப்போட்டதுபோல் கிடக்கும். கனவில் ஓடுகிறவன் நிஜத்தில் எழுந்து ஓடிவிடக் கூடாதே.

சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். தண்ணீர் பிடிக்க நாலு மணிக்கே எழுந்தவள்.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலில் அவள் துள்ளி விழித்தபோது வேம்புலி புரண்டிருந்தான். சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போனை அதில் ஒற்றினாள், திறந்தது. வீடியோவைத் தேடிப் பிடித்து, அடியில் இருந்த குறியை அழுத்தினாள். போன் ஏதோ கேட்டது. நிஜமாகவே அழிக்கவா என்றுதான் கேட்கும் என்று முதல் வரியைத் தொட்டாள், பச்சைக் குறியையும் தொட்டாள்.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடுமென்று எழுந்தால் சில நிமிடம் புத்தி வேலை செய்யாது என்றும் படித்திருந்தாள். அவனுக்குத்தான் அது என்று நினைத்திருந்தாள்.

போன் டிங் டிங் என்று விடாமல் அடித்தது. வேம்புலி கண் திறந்து திரையைப் பார்த்தான்.

"இன்னாமே, நான் சாயங்காலம் வரைக்கும் தாங்கிகினு கீறேன். நீயே குடும்ப குரூப்புல போட்டுட்டியே."

கஜபதியின் பதில்தான் முதலில் இருந்தது: "மச்சான், தங்கச்சி எப்போ லாரி வாங்கிச்சி?"

பேபி தலையணையைப் பிடுங்கிக்கொண்டாள். "தள்ளிப் படுயா. எனக்குத் தூக்கம் பாக்கி கீது."