சிங்கப்பூரிலிருந்து நாலேகால் மணி நேரம்

பாலைவனமா, கடலா... காலை ஒன்பது நாற்பதுக்குச் சென்னியம்மாளின் மூச்சு நின்றபோது மகள் எதற்கு மேலே பறந்துகொண்டிருந்தாள், மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் ஏழே முக்கால் மணி நேரம், முதல் பாதி வெறும் செம்மண் பாலைவனம், அப்புறம் கடல்தாங்ப்பா என்று போன தடவை வந்தபோது சண்முகப்பிரியா சொல்லியிருந்தாள், நம் நேரத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியவள், அப்படியானால் கடலாகத்தான் இருக்கும், இதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று அரங்கசாமி தன்னையே கேட்டுக்கொண்டார், ஆனாலும் மனம் அதை விடவில்லை. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மனைவி, வெளியே மேட்டுப்பாளையம் சாலையில் ஹாரன் சத்தம், பந்தல்காரர்கள் இரும்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். போன வியாழக்கிழமையே கேட்டாளே, நான் கிளம்பி வரட்டுமாங்ப்பா என்று, வேண்டாம் கண்ணு, வெறும் சளிதான் என்று சொன்னது யார், இந்த வாய்தானே, நேற்று மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதானே வரச் சொன்னது... சென்னியம்மாள்தான் படுத்தபடி கையை ஆட்டினாள், புள்ள வேலையக் கெடுக்காதீங்க என்று, அவள் சொன்னால் நான் கேட்டுவிடுவதா, முப்பத்தாறு வருடத்தில் வேறு எதைத்தான் அவள் சொல்லி உடனே கேட்டேன்?

மச்சினன் வேலுமணி அருகில் வந்து குனிந்தான். "மச்சான், காலைல எடுத்துக்கலாமுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேனுங்க. புள்ள கூப்பிட்டா இப்பச் சொல்லீராதீங்க. ஒத்தையில உக்காந்து வரோணுமல்ல, ஊட்டுக்கு வந்து பாத்துக்கட்டும்." சரிதான், அவன் சொல்வது சரிதான், ஆனால் சிங்கப்பூரிலிருந்து இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் அம்மா இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு வரவிடுவது இரக்கமா, ஏமாற்றா... யோசித்து முடிப்பதற்குள் செல்போன் அடித்தது, ஒரு மணி ஆகியிருந்தது.

"ஏனுங்ப்பா, சிங்கப்பூர் வந்துட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறா கண்ணு."

அந்தப் பக்கம் யாரோ ஒலிபெருக்கியில் எதையோ அறிவித்தார்கள். "இங்கிருந்து நாலேகால் மணி நேரந்தாங்ப்பா. நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆச்சு அம்மணி."

"ஒத்தையில இருக்காதீங்க. மாமாவப் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க."

"இருக்கறான்... நீ பாத்து வா."

நல்லவேளை சமாளிச்சுட்டீங்க என்றான் வேலுமணி, அவரும் தலையாட்டினார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், குரல் நடுங்கவில்லை, அழவில்லை, தூங்கறா என்பதுகூட ஒரு வகையில் பொய்யில்லை என்று நினைத்தபோதுதான் அது உறைத்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லையே. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், தூங்கினால் எழுப்பிக் குடுங்க, ஒரு வார்த்தை பேசிட்டு வச்சுடறேன் என்று அடம்பிடிக்கிறவள், இன்று எழுப்பச் சொல்லவில்லை. நான் சாப்பிட்டேனா, என்னோடு யார் இருக்கிறார்கள், இதை மட்டும்தான் கேட்டாள்... அப்படியென்றால் எப்போது தெரிந்தது அவளுக்கு, யார் சொன்னார்கள், யாருமே சொல்லாமலா? இன்னும் இரண்டரை மணி நேரம் அந்த விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். அவர் அந்த எண்ணைத் திரும்ப அழுத்தினார். மணி போனது. அவள் எடுக்கவில்லை, அவரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.