போக மூன்றரை, திரும்பப் பதினான்கரை

அப்பா இருபத்தாறு வருஷம் வெளியூர் பஸ் ஓட்டியவர். முதுகு மக்கர் பண்ணி வீட்டோடு ஆன பிறகும் தூரத்தை அவர் மணிக்கணக்கில்தான் அளப்பார். மகள்களுக்கு ஒரே சட்டம்: காலையில் கூப்பிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். அந்தச் சட்டப்படிதான் அக்காவை நாலு வீடு தள்ளிக் கட்டிக் கொடுத்தார்.

சின்னவளுக்கு இப்போது கடல் தாண்டி ஒரு ஊரில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அந்த ஊர்க் கணக்கில் இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘வருகிறேன்’ என்று மதியமே எழுதிவிட்டாள். அனுப்பத்தான் விரல் வரவில்லை.

அப்பா அவள் போனை வாங்கி விமான நேரத்தைப் பார்த்தார். “பத்துக்கு ஏறி ஒண்ணரைக்கு இறங்குது. மூணரை மணி நேரம்தானா! இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே?”

அங்கே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். சொன்னால் வேலை போச்சு; சொல்லாவிட்டால் பொய். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்று, வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள்.

“திரும்பி வர்றதையும் பாருங்கப்பா,” என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, வெள்ளந்தியாக.

அப்பா பார்த்தார். “பத்துக்குக் கிளம்பி நடுராத்திரி பன்னெண்டரைக்கு. பதினாலரை! போறப்ப மூணரை, வர்றப்ப பதினாலரையா?”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. “எதிர்க்காத்தா இருக்கும்ப்பா.”

“என்கிட்டயே காத்து விடுறியா? மலை ரூட்ல ஏத்தம் ஒரு நேரம், இறக்கம் ஒரு நேரம். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினாத்தான் நிஜமான ஓட்டம்.” விரலை மடக்கினார். “பதினெட்டுல பாதி. ஒம்பது. காலையில கூப்பிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகாது.” சின்னவளை நிமிர்ந்து பார்த்தார். “உனக்குத் தெரியும், இல்ல?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மின்விசிறி சுற்றியும் அறையில் காற்றில்லை.

“போன மாசம் நீங்க கீழே விழுந்தப்ப நாலு வீடு தாண்டி வர எனக்கு ரெண்டு நாள் ஆச்சு,” என்றாள் அக்கா, மடித்த துணியையே மறுபடி மடித்தபடி. “மாமியாருக்குக் காய்ச்சல், விடல. அதை எதுல கூட்டிப் பாதியாக்குவீங்க?”

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்னியே? இப்ப அஞ்சரை. சரி, விடு. நம்ம கையில என்ன இருக்கு.” அவர் குரல் இளகியிருந்தது.

பேசாமல் இருந்தால் போதும். யார் மேலும் பழி இல்லாமல் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கே ஒரு கணம் அது சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் பயமுறுத்தியது.

“அங்கே இப்பதான் மதியம் பன்னெண்டுப்பா.”

அப்பா முதுகைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப இன்னும் அஞ்சு மணி நேரம் நான் இப்படியே உட்கார்ந்திருக்கணுமா?”

“வேண்டாம்ப்பா,” என்றவள் போனை வாங்கி, மதியம் எழுதி வைத்த பதிலை அனுப்பினாள்.

மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.